அப்பாவின் காது கேட்பதைக் கணினி கணித்துச் சொல்லுமா?

படிப்பவர்களுக்கு உதவும் என்பதால் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் தந்தையாருக்கு 74 வயது. இரு காதுகளிலும் மிதமான செவித்திறன் குறைபாடு இருப்பதால் சில மாதங்களாகப் புதிய செவித்துணைக் கருவி அணிந்துவருகிறார். வீட்டுப் பேச்சும் சிங்கப்பூரின் ஒலி 96.8 வானொலிச் செய்திகளும் அவருக்குத் தெளிவாகப் புரிகின்றன. ஆனால் சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலில் நாகசுரம் ‘தகர டப்பாவுக்குள் வைத்து ஊதுவதுபோல்’ இருக்கிறது என்கிறார்; காலையில் சுருதிக்காக வைக்கும் தம்புரா ‘தண்ணீரில் நடுங்குகிறது’ என்கிறார். கருவியைப் பொருத்தியவரோ திரையைக் காட்டி, எல்லா அளவுகளும் சரியாகவே இருப்பதாகச் சொல்லிவிட்டார். செவித்திறன் குறைந்த ஒருவருக்கு ஓர் ஒலி எவ்வளவு தரமாகக் கேட்கும் என்பதைக் கணிக்கும் கணினி மாதிரிகள் உள்ளன என்று அறிந்த நீங்கள், அவற்றைக் கொண்டு யார் சொல்வது சரி என்று தீர்க்க முடியுமா எனக் கேட்டிருக்கிறீர்கள்.

ஒலிச் சமிக்ஞைகளைக் கையாளும் துறையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்திருக்கிறேன். என் தாயாரும் கருவி அணிபவர். அதனால் இந்தக் கேள்வியை ஆய்வுக்கூடத்திலும் சந்தித்திருக்கிறேன், வீட்டுக் கூடத்திலும் சந்தித்திருக்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்கிறேன். அந்த மாதிரிகள் பயனுள்ளவை. ஒரே கருவியின் இரண்டு அமைப்புகளில் எது ஒலியைக் குறைவாகச் சிதைக்கிறது என்று ஒப்பிடுவதற்கு அவற்றை நம்பலாம். ஆனால் உங்கள் தந்தையார் கேட்பதாகச் சொல்வது தவறு என்று நிறுவுவதற்கு அவற்றுக்குத் தகுதி கிடையாது. மேலும், ‘தண்ணீரில் நடுங்குகிறது’ என்று அவர் சொன்னதை வயதானவரின் பொதுவான குறையாக எண்ணிவிடாதீர்கள். அது மிகத் துல்லியமான ஒரு கவனிப்பு. அதற்கு அறியப்பட்ட ஒரு காரணமும் இருக்கிறது. பின்னால் அதை விளக்குகிறேன்.

பேச்சு புரிகிறதா என்பதும் ஒலி நன்றாக இருக்கிறதா என்பதும் இரண்டு வெவ்வேறு கேள்விகள். பழைய தொலைபேசி ஏறக்குறைய 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்களை மட்டுமே கடத்தியது. அதில் பேச்சு புரிந்தது, ஆனால் அந்தக் குரலை இயல்பான குரல் என்று யாரும் சொல்லமாட்டார்கள். கேம்பிரிட்ஜில் பிரையன் மூரும் சின்-துவான் டானும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், இயல்பான செவித்திறன் உள்ளவர்கள், இசையை 55 முதல் 16,854 ஹெர்ட்ஸ் வரை விரிந்த அகலத்தில் கேட்டபோதுதான் அதை மிக இயல்பானதாக மதிப்பிட்டார்கள். இரு முனைகளில் எதைக் குறைத்தாலும் மதிப்பு இறங்கியது. செவித்துணைக் கருவிகள் பேச்சைப் புரியவைப்பதையே முதல் நோக்கமாகக் கொண்டு வளர்ந்தவை. உங்கள் தந்தையாருக்குப் பேச்சு புரிகிறது என்பதால் இசையும் சரியாகவே கேட்க வேண்டும் என்று முடிவு கட்டினால், முதல் படியிலேயே வழி தவறிவிடுகிறோம்.

ஒலித்தரத்தைக் கணினியால் மதிப்பிடும் முயற்சி தொலைபேசித் துறையிலிருந்து வந்தது. 2001இல் பெஸ்க், 2011இல் போல்கா எனப் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் தரமுறைகளை வெளியிட்டது. ஒலிபரப்புக்கான பீக் அதற்கும் முன்னதாக 1998இல் வந்தது. இவை எல்லாமே கேட்பவரின் காது பழுதற்றது என்ற அனுமானத்தின்மேல் நிற்கின்றன. அந்த அனுமானத்தைக் கைவிட்டால் கணக்கு முழுவதும் மாறிவிடுகிறது. காரணத்தைப் புரிந்துகொள்ளக் காதுக்குள் சற்று நுழைய வேண்டும்.

செவித்திறன் குறைவது என்றால் வானொலியின் ஒலியளவைத் திருகிக் குறைத்ததுபோல் என்றே பலரும் எண்ணுகிறார்கள். அப்படியானால் அளவைக் கூட்டினால் எல்லாம் சரியாகிவிட வேண்டும், ஆகாது. உட்செவியின் நத்தைச்சுருளில் ஏறக்குறைய 12,000 புற மயிரணுக்களும் 3,500 அக மயிரணுக்களும் இருக்கின்றன. மூளைக்குச் செய்தி அனுப்புவது பெரும்பாலும் அக மயிரணுக்களின் வேலை. புற மயிரணுக்களோ தாமே அசைந்து, மெல்லிய ஒலிகளை 50 டெசிபெல் அளவுக்கும் மேலாகப் பெருக்கித் தருகின்றன. உரத்த ஒலிகளைப் பெருக்காமல் விட்டுவிடுகின்றன. முதுமையிலும் இரைச்சலிலும் மயிரணுக்களில் பெரும்பாலும் முதலில் அழிவது இந்தப் புற மயிரணுக்கள்தாம். அவை போனதும் மூன்று விளைவுகள் ஒன்றாக வருகின்றன. மெல்லிய ஒலி கேட்காமல் போகிறது. உரத்த ஒலி மட்டும் முன்போலவே உரத்துக் கேட்கிறது. ஆகவே ‘கேட்கவில்லை’ என்பதற்கும் ‘ஏன் கத்துகிறாய்’ என்பதற்கும் இடையிலுள்ள தூரம் சுருங்கிவிடுகிறது. வயதானவர்கள் இப்படி இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லும்போது பிள்ளைகள் சலித்துக்கொள்வதை எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். சலித்துக்கொள்ள அதில் ஒன்றுமில்லை, அவர்கள் உணர்வதை அப்படியே சொல்கிறார்கள். மூன்றாவது விளைவு இசைக்கு மிக முக்கியமானது. பக்கத்துப் பக்கத்து அதிர்வெண்களைப் பிரித்தறியும் கூர்மை மழுங்கிவிடுவதால், ஒரு சுரத்தோடு சேர்ந்தே எழும் மேற்சுரங்கள் ஒன்றோடொன்று கலந்து மங்குகின்றன.

இந்த மூன்றையும் கணினிக்குள் கட்டமைத்தவர்களில் முதன்மையானவர்கள் கொலராடோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் கேட்ஸ், கேத்ரின் அரேஹார்ட் இருவரும். செவித்துணைக் கருவிப் பேச்சுத் தரக் குறியெண்ணை 2010இல் வெளியிட்டார்கள். அதைச் சுருக்கமாக ஹாஸ்கி என்பார்கள். அதன் திருத்திய வடிவம் 2014இலும், இசைக்கென்று தனியான குறியெண் 2016இலும் வந்தன. அந்தக் கணினிக் காது, 80 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை 32 வடிகட்டிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. குறைபாடு கூடக்கூட ஒவ்வொரு வடிகட்டியும் அகலமாகிறது. உரத்த ஒலியை அடக்கும் தன்மை குறைகிறது. மெல்லிய ஒலி கேள்வி எல்லைக்கு, அதாவது காதுக்குக் கேட்கும் மிகக் குறைந்த ஒலியளவுக்குக் கீழே போய் மறைகிறது. இழப்பில் பெரும்பங்கைப் புற மயிரணுக்கள்மீதும் மீதியை அக மயிரணுக்கள்மீதும் சுமத்தி அது கணக்கிடுகிறது. கருவி பதப்படுத்திய ஒலியும், எந்தச் சிதைவும் இல்லாத மூல ஒலியும் இந்தக் காதின் வழியே செல்கின்றன. இரண்டும் அங்கே எழுப்பும் வடிவங்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதே மதிப்பெண். சுழியம் என்றால் படுமோசம், ஒன்று என்றால் வேறுபாடே இல்லை. அதிர்வெண் சமநிலை மாறியதை ஒரு பகுதியாகவும், நேரத்தோடு ஒலி ஏறி இறங்கும் விதத்திலும் நுண்ணதிர்விலும் நேர்ந்த சிதைவை மற்றொரு பகுதியாகவும் கணக்கிட்டு இறுதியில் ஒன்று சேர்க்கிறது.

இங்கே ஓர் இடத்தில் நிதானமாக நிற்க வேண்டும். மூல ஒலி எந்தக் காதின் வழியே போகிறது? பழுதற்ற காதின் வழியே அல்ல. அதே குறைபாடுள்ள காதின் வழியேதான். அந்தக் காதுக்குக் கேட்கும்படி, ஆஸ்திரேலியாவின் தேசிய ஒலியியல் ஆய்வகம் 1986இல் வகுத்த எளிய சூத்திரத்தின்படி பெருக்கப்பட்டுப் போகிறது. இது நேர்மையான தேர்வு. கருவியால் மீட்டுத் தர முடியாத ஒன்றுக்காகக் கருவியைத் தண்டிக்கக் கூடாது அல்லவா? ஆனால் இதன் பொருளை யோசித்துப் பாருங்கள். கணினி கேட்கும் கேள்வி, ‘இந்தக் காதுக்கு இதைவிடச் சிதைவில்லாமல் தந்திருக்க முடியுமா?’ என்பது. உங்கள் தந்தையார் கேட்கும் கேள்வியோ, ‘நான் இளவயதில் கேட்ட நாகசுரம் எங்கே போயிற்று?’ என்பது. அவர் ஒப்பிடும் மூல ஒலி அவருடைய நினைவில் இருக்கிறது. அது பழுதற்ற காதால் பதிவானது. ஆகவே, 0.9 என்ற மதிப்பெண்ணும் ‘தகர டப்பா’ என்ற வருத்தமும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். கருவியைப் பொருத்தியவர் திரையில் காட்டியது இந்தக் குறியெண்கூட அல்ல. செவிக்குழாயில் ஒலி எத்தனை டெசிபெல் வந்து சேர்கிறது என்ற அளவே பெரும்பாலும் அங்கே காட்டப்படும். ஒலி போய்ச் சேர்ந்ததா என்பதை அது சொல்லும். எந்த நிலையில் போய்ச் சேர்ந்தது என்பதைச் சொல்லாது.

அடுத்து, மாதிரிக்கு உங்கள் தந்தையாரைப் பற்றி என்ன தெரியும்? ஒரு காதுக்கு ஆறு எண்கள் தெரியும். 250 முதல் 6,000 ஹெர்ட்ஸ் வரை ஆறு அதிர்வெண்களில் அவருடைய கேள்வி எல்லை, அவ்வளவுதான். 2009இல் ஷரோன் குஜாவாவும் சார்ல்ஸ் லிபர்மேனும் எலிகளிடம் செய்த ஆய்வு, இரைச்சலுக்குப் பிறகு கேள்வி எல்லை முழுமையாகப் பழைய நிலைக்குத் திரும்பினாலும் மயிரணுக்களையும் நரம்பையும் இணைக்கும் இணைப்புகளில் பாதிவரை சில பகுதிகளில் அழிந்துபோயிருப்பதைக் காட்டியது. அந்த இழப்பு ஆறு எண்களில் தெரியாது. அதேபோல, நத்தைச்சுருளின் ஒரு பகுதியில் அக மயிரணுக்கள் அறவே செயலிழந்திருந்தால், அந்த அதிர்வெண்ணில் ஒலியைப் பெருக்கித் தருவது சுரமாகக் கேட்காமல் வெறும் இரைச்சலாகக் கேட்கக்கூடும். மூர் குழுவினர் 2000இல் இதைக் கண்டறிய ஒரு சோதனையை வகுத்தார்கள். அந்த ஆறு எண்களை வரைந்து காட்டும் வழக்கமான செவித்திறன் வரைபடம் இதையும் உறுதியாகக் காட்டாது.

உயர் அதிர்வெண்களைக் கூடுதலாகத் தந்தால் தரம் கூடும் என்ற பொது நம்பிக்கையும் இங்கே தடுமாறுகிறது. டாட் ரிக்கெட்ஸும் உடன் ஆய்வாளர்களும் 2008இல் காட்டியபடி, செவித்திறன் வரைபடம் மெல்லச் சரிகிறவர்கள் அகன்ற ஒலியை விரும்பினார்கள். செங்குத்தாகச் சரிகிறவர்களுக்கு அந்த விருப்பம் குறைந்திருந்தது. ஒருவருக்கு ‘கணீர்’ என்று இருப்பது மற்றவருக்குக் ‘கீச்’ என்று இருக்கலாம். உங்கள் தந்தையாரின் வரைபடத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேல் அது சரேலென்று இறங்குகிறது என்றால், தகரத் தன்மைக்கு முதல் சந்தேகத்தை அங்கே வைப்பேன்.

இனி இசைக்கு வருகிறேன், ஏனெனில் உங்கள் கேள்வியின் உயிர் அங்கேதான் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் இசைக் குறியெண், செவித்திறன் குறைந்தவர்களும் குறையாதவர்களும் தந்த மதிப்பீடுகளின்மேல் கட்டப்பட்டது. அவர்கள் கேட்டவை மேற்கத்தியச் செவ்வியல், ஜாஸ் மரபுகளைச் சேர்ந்த துணுக்குகள். அவற்றில் ஓயாமல் ஒலிக்கும் சுருதி கிடையாது, தவில் கிடையாது, கமகம் கிடையாது. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. யாரும் தம் கைக்கு எட்டிய இசையைத்தான் கொண்டு தொடங்க முடியும். ஆனால் நம் இசையின் அடிப்படையே சுருதி. செவித்துணைக் கருவிகளோ நீடித்து ஒலிக்கும் ஒலியைச் சந்தேகிக்கும்படி வடிவமைக்கப்பட்டவை.

காதில் இருக்கும் சிறு ஒலிபெருக்கியின் ஒலி கசிந்து மீண்டும் ஒலிவாங்கிக்குள் புகுந்தால் கருவி ‘கீ’ என்று கத்தும். அதைத் தடுக்கக் கருவிக்குள் ஒரு பகுதி ஓயாமல் காவல் காக்கிறது. தான் சற்றுமுன் வெளியிட்ட ஒலியைப் போலவே இப்போதும் ஒன்று உள்ளே வருகிறதா என்று அது பார்க்கிறது. வந்தால் அது கசிவுதான் என்று கருதி, அதற்கு நேரெதிரான ஒலி ஒன்றைச் செலுத்தி அழிக்கிறது. பேச்சு நொடிக்கு நொடி மாறுவதால் குழப்பம் குறைவு. தம்புராவின் ஒலியோ இப்போதும் அடுத்த கணமும் அதற்கடுத்த கணமும் தன்னைப்போலவே இருக்கும். கருவி அதைக் கசிவு என்று எண்ணித் துரத்துகிறது, பிறகு விடுகிறது, மீண்டும் துரத்துகிறது. இது போதாதென்று, சில கருவிகள் கசிவை அடையாளம் காண வெளியீட்டின் அதிர்வெண்ணைச் சுமார் 10 ஹெர்ட்ஸ் அளவுக்கு நகர்த்திவிடுகின்றன. காதில் பொருத்திய முனை திறந்த வகையாக இருந்தால், உண்மையான தம்புரா ஒலி ஒருபுறம் நேராகக் காதுக்குள் வரும். நகர்த்தப்பட்ட ஒலி மறுபுறம் கருவியிலிருந்து வரும். இரண்டும் கலக்கும்போது நொடிக்குப் பத்து முறை ஏறி இறங்கும் அதிர்வு பிறக்கிறது. சுருதி சேராத இரு தந்திகளைச் சேர்த்து மீட்டினால் அலை அலையாகக் கேட்குமே, அதே நிகழ்ச்சிதான். தம்புராவின் தந்திக்கடியில் வைக்கும் ஜீவ நூல் மேற்சுரங்களை அள்ளிக் கொட்டுவதால், இந்த நடுக்கம் வேறெந்த வாத்தியத்தையும்விட அதில் நன்றாகத் தெரியும். உங்கள் தந்தையார் கண்டுபிடித்தது இதுவாகவே இருக்க வேண்டும் என்று கருதுகிறேன். என் தாயாரும் இதையேதான் ‘சுருதி ஆடுகிறது’ என்றார். அவர் காதைச் சந்தேகித்து ஒரு மாதத்தை நான் வீணாக்கினேன். கருவியின் வெளியீட்டை மட்டும் கணினிக்குக் கொடுத்து, நேராகக் காதுக்குள் வரும் ஒலியைச் சேர்க்காமல் விட்டால், எந்தக் குறியெண்ணும் இந்த நடுக்கத்தைக் காணாது. அப்போது பிழை மாதிரியில் இல்லை. காதுக்கு வருவதை நாம் அதற்கு முழுமையாகக் கொடுக்கவில்லை.

நாகசுரத்தின் கதை வேறு. கல் மண்டபத்தில் நாகசுரமும் தவிலும் ஒன்றாக முழங்கும்போது ஒலியளவு பேச்சைவிடப் பன்மடங்கு உயர்ந்துவிடுகிறது. பேச்சுக்கென்று அமைந்த சில கருவிகளின் உள்ளீட்டுப் பகுதி அந்த உச்சங்களைத் தாங்காமல் முகட்டை வெட்டிவிடும். வெட்டிய பிறகு எந்த மென்பொருளாலும் ஒட்டவைக்க முடியாது. வெட்டுப்படாமல் தப்பினாலும், உரத்த ஒலியைத் தாமாகவே அடக்கும் பகுதி ஒவ்வொரு தவில் அடிக்கும் சேர்ந்து நாகசுரத்தையும் அமுக்கி, அடி ஓய்ந்ததும் விடுவிக்கும். ஒரே மூச்சில் நீளும் கார்வை அப்போது துண்டு துண்டாகக் கேட்கும். இந்த வகைச் சிதைவுகளைக் குறியெண் நன்றாகவே பிடிக்கும், ஏனெனில் நேரத்தோடு ஒலி ஏறி இறங்குவதில் நேரும் மாற்றத்தைத்தான் அது முதன்மையாகப் பார்க்கிறது. ஆகவே தகர டப்பா விஷயத்தில் மாதிரி உங்கள் தந்தையாரின் பக்கம் சாட்சி சொல்லும் என்றே எதிர்பார்க்கிறேன்.

சிங்கப்பூரில் இருப்பவர்கள் கேட்டுப் பார்க்க வேண்டிய சிறு விவரம் ஒன்று உண்டு. கருவியைப் பொருத்தப் பரவலாகப் பயன்படும், அதே ஆஸ்திரேலிய ஆய்வகத்தின் பிற்காலச் சூத்திரமான NAL-NL2இல், அணிபவர் தொனி மொழி பேசுபவரா என்ற தெரிவு இருக்கிறது. மாண்டரின் போன்ற மொழிகளுக்குத் தாழ் அதிர்வெண்கள் சற்றுக் கூடுதலாகத் தரப்படும். தமிழ் தொனி மொழி அல்ல; நமக்கு ல, ள, ழ வேறுபாட்டைக் காட்டும் குறிப்புகள் பெரும்பாலும் 2,000 ஹெர்ட்ஸை ஒட்டியும் அதற்கு மேலும் இருக்கின்றன. இந்தத் தெரிவால் வரும் மாற்றம் பெரிதல்ல என்றாலும், எது தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது என்று கேட்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

அண்மை ஆண்டுகளில் எனக்கு மிகுந்த நம்பிக்கை தந்த மாற்றம், கருவி அணிபவர்களிடமே சொற்களைக் கேட்கத் தொடங்கியிருப்பது. செவித்திறன் குறைந்தவர்களுக்கு இசையின் தரத்தை மேம்படுத்த முயலும் பிரிட்டனின் கடென்சா ஆய்வுத் திட்டத்தில் கருவி அணியும் கேட்பவர் குழு ஒன்று இசையைக் கேட்டுத் தன் சொற்களில் விவாதித்து, தெளிவு, கரடுமுரடு, சிதைவு, பரப்புணர்வு, மேல், நடு, கீழ் ஒலிகளின் வலு என ஏழு பண்புகளைத் தேர்ந்தெடுத்தது. நம் மொழியில் இதற்குப் பஞ்சமே இல்லை: கணீர், கம்மல், கரகரப்பு, இழைதல், பிசிறு, பானைக்குள் பேசுவதுபோல், தொண்டை அடைத்ததுபோல். பொருத்துபவரிடம் ஆங்கிலத்தில் ‘நன்றாக இல்லை’ என்று மட்டும் மொழிபெயர்த்துச் சொல்லும்போது இந்தச் செல்வம் அனைத்தும் வழியில் சிந்திவிடுகிறது. உங்கள் தந்தையார் சொன்ன சொல்லையும், எந்த வாத்தியம், எந்த இடம் என்பதையும் தமிழிலேயே எழுதிவையுங்கள்; பிறகு பொருளை விரித்து விளக்குங்கள்.

அடுத்த சந்திப்புக்கு முன் வீட்டில் ஒரு சோதனை செய்யுங்கள். அவர் கருவிகளைக் கழற்றிவிட்டு, காதை முழுதும் மூடும் ஹெட்ஃபோனில், வசதியான ஒலியளவில் அதே தம்புராவைக் கேட்கட்டும். நடுக்கம் மறைந்தால் காரணம் கருவியில் இருக்கிறது: இசைக்கென்று தனி அமைப்பு ஒன்றைச் சேர்த்து, அதில் கசிவுத் தடுப்பை நிறுத்தவோ மெதுவாக்கவோ, அதிர்வெண் நகர்த்தலையும் இரைச்சல் குறைப்பையும் விலக்கவோ, ஒலி அடக்கத்தைத் தளர்த்தவோ முடியுமா என்று கேளுங்கள். சுருதிப் பெட்டியைக் கையோடு எடுத்துச் சென்று, ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அங்கேயே ஒலிக்கவிட்டு, எந்த அமைப்பு என்று சொல்லாமல் அவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். ஹெட்ஃபோனிலும் சுரம் இரைச்சலாகவோ இரட்டையாகவோ கேட்டால், கருவியைத் திருகுவதை நிறுத்திவிட்டு, செயலிழந்த பகுதிகளைக் கண்டறியும் அந்தச் சோதனையைச் செய்ய முடியுமா என்று செவித்திறன் நிபுணரிடம் கேளுங்கள்.